துணி ஈரமாக இருக்கும்போதே ட்ரையர் நின்றால்: என் அனுபவம்

எங்கள் ட்ரையரை ஆட்டோ முறையில், அதாவது துணி காய்ந்ததும் தானே நிற்கும் முறையில் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே "முடிந்தது" என்று நின்றுவிடும், துணியோ ஈரமாகவே இருக்கும். முதலில் பஞ்சு வடிகட்டியைக் கழுவினேன். அப்புறம் பின்னால் காற்று வெளியேறும் குழாயைக் கழற்றி, உள்ளே அடைந்திருந்த பஞ்சையெல்லாம் எடுத்தேன். அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான், பஞ்சு அடைத்தால் தீப்பிடிக்கவே வாய்ப்புண்டு. ஆனாலும் பலனில்லை. ஹீட்டர் போய்விட்டதோ என்று அதை மாற்றக்கூட யோசித்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன்: டைமர் வைத்து ஓட்டினால் அதே துணி நன்றாகக் காய்கிறது. அப்படியென்றால் சூடும் சரி, காற்றும் சரி, நிறுத்தச் சொல்லும் இடத்தில்தான் கோளாறு.

டிரம்முக்குள், வடிகட்டிக்குப் பக்கத்தில், இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். அதுதான் ஈரப்பத சென்சார். ஈரத்துணி இரண்டையும் ஒன்றாகத் தொடும்போது லேசான மின்சாரம் பாயும், பாயாவிட்டால் துணி காய்ந்துவிட்டது என்று இயந்திரம் முடிவு செய்துவிடும். துணி மென்மையாக இருக்கப் போடும் சாஃப்ட்னர் ஷீட்டின் மெழுகுப் படலம் அந்தப் பட்டைகளில் படிந்து மின்சாரத்தைத் தடுத்திருக்கிறது. கண்ணுக்கு எதுவுமே தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும்!

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு சிறு துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு அந்தப் பட்டைகளை அழுத்தித் துடைத்தேன். அவ்வளவுதான், சரியாகிவிட்டது, பெரிய நிம்மதி. ஓரிரு துணி மட்டும் போட்டால் அவை பட்டைகளில் சரியாகப் படாமல் இப்போதும் சீக்கிரம் நிற்கும், அதற்கு டைமரே போதும்.