மட்டுறுத்தலில் தளங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்
சமூக வலைத்தளங்களில் பதிவுகளைக் கண்காணித்து, விதி மீறியவற்றை நீக்கும் மட்டுறுத்தலை எதிர்த்துப் பயனர்கள் கொதித்தெழும்போது, விதிகளின் கடுமையே அதற்குக் காரணம் என்று நிர்வாகங்கள் எண்ணிக்கொள்கின்றன. ஆனால் பெரிய கிளர்ச்சிகள் பலவற்றில், விதியைவிட அதை நிறைவேற்றிய விதமே ஆத்திரத்தைக் கிளப்பியிருக்கிறது.

2007 மே மாதம் வலைப்பதிவுத் தளமான லைவ்ஜர்னல், சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்கப் போவதாகக் கூறி ஏறத்தாழ 500 பக்கங்களை முடக்கியது. நோக்கத்தில் பிழையில்லை. பயனர்கள் தங்கள் விருப்பங்களாகக் குறித்திருந்த சொற்களைப் பார்த்தே பக்கங்களைத் தேர்ந்தெடுத்ததுதான் பிழை. அதனால், அத்தகைய கொடுமைக்கு ஆளாகி மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நடத்திவந்த குழுக்களும், இலக்கியம் பேசிய குழுக்களும் குற்றவாளிகளோடு சேர்த்து முடக்கப்பட்டன. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பல பக்கங்கள் திரும்பின. பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக நடத்துவதைவிடக் கொடிய மட்டுறுத்தல் பிழை இருக்க முடியாது என்பேன்.

அதே மாதம் 1ஆம் தேதி, பயனர்கள் செய்தி இணைப்புகளைப் பகிரும் டிக் தளம், எச்டி டிவிடி எனும் திரைப்பட வட்டுகளின் பூட்டைத் திறக்க உதவும் குறியீட்டெண்ணைக் கொண்ட பதிவுகளை, சட்ட எச்சரிக்கைக்குப் பணிந்து நீக்கியது. நீக்க நீக்க அந்த எண் தலைப்புகளிலும் பின்னூட்டங்களிலும் முளைத்து, முகப்புப் பக்கத்தையே நிறைத்தது. இரவுக்குள் நிறுவனர் கெவின் ரோஸ், இனி நீக்கப்போவதில்லை என்று அறிவித்தார். ஏற்கெனவே பரவிவிட்ட ஒன்றை ஆளையும் கணக்கையும் முடக்கி மறைக்க முயல்வதும், பிறகு கூட்டத்தின் எண்ணிக்கையைக் கண்டு விதியைக் கைவிடுவதும் ஒன்றுக்கொன்று குறையாத தவறுகள்.

மட்டுறுத்துநர்களைக் கலந்துகொள்ளாமல் முடிவெடுப்பது இன்னொன்று. பயனர்கள் தலைப்புவாரியான குழுக்களில் உரையாடும் ரெடிட் தளத்தில், அக்குழுக்களை நடத்தும் மட்டுறுத்துநர்கள் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள். 2015 ஜூலையில், பிரபலங்களுடனான கேள்வி பதில் நிகழ்வுகளை ஒருங்கிணைத்த ஊழியர் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டதும், விருந்தினர்களை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் தவித்த அவர்கள் குழுக்களைப் பூட்டினர். சில நாட்களில் தலைமை நிர்வாகி எலன் பாவ் பதவி விலகினார். 2023 ஜூனில், வெளிச் செயலிகள் தரவைப் பெறுவதற்கு விதிக்கப்பட்ட கட்டணத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான குழுக்கள் மூடப்பட்டன. திறக்க மறுப்போரை மாற்றுவோம் என்று நிர்வாகம் எச்சரித்துத் தன் வழியில் சென்றது. மட்டுறுத்துநர்கள் அன்றாடம் நம்பியிருந்த அப்பல்லோ போன்ற வெளிச் செயலிகள் நின்றுபோயின.

பயனர்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு: நிறுவனத்தின் முடிவுக்காக, கைக்கெட்டும் தன்னார்வலரை ஏசுவது. அவரால் அந்த முடிவை மாற்ற இயலாது. முறையீடு, நீக்கிய அவரிடமே திரும்பாமல் வேறொருவரிடம் செல்லவும், எந்த விதியின்படி பதிவு நீக்கப்பட்டது என்பது நீக்கும்போதே எழுத்தில் தெரிவிக்கப்படவும் தளம்தான் வழிசெய்ய வேண்டும்.