'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுக்கலாமா? விண்டோஸ் பயன்படுத்தத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டுக்குப் புதிய கணினி வந்து சேரும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு கணக்கு. அதற்கு முழு நிர்வாகி உரிமை. கடவுச்சொல் பெரும்பாலும் இருப்பதில்லை. அப்பா வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், அக்கா பல்கலைக்கழக ஒப்படையைத் தட்டச்சு செய்வதும், தம்பி விளையாட்டுகளைத் தரவிறக்குவதும் அந்த ஒரே கணக்கில்தான். ஏதாவதொரு மென்பொருள் முரண்டு பிடித்தால், 'வலப்பக்கம் சொடுக்கி ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்கள்' என்று கடைக்காரர் சொல்வார், அதாவது அந்த மென்பொருளை நிர்வாகி உரிமையோடு இயக்குங்கள் என்று. யூடியூப் காணொளியும் அதையே சொல்லும். பல நேரங்களில் அது வேலை செய்தும் விடுகிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது.

இது பாதுகாப்பானதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அந்த வேலைக்கு அந்த உரிமை உண்மையிலேயே தேவை. மென்பொருள் அதன் தயாரிப்பாளரிடமிருந்தே வந்தது. இவை இரண்டும் உறுதியானால் கொடுங்கள். ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் கொடுக்க வேண்டாம்.

சாதாரண உரிமையோடு இயங்கும் ஒரு மென்பொருள் பெரும்பாலும் உங்கள் சொந்தக் கோப்புறைகளில்தான் எழுதலாம். நிர்வாகி உரிமை கிடைத்துவிட்டால் விண்டோஸின் கோப்புகள், 'புரோகிராம் ஃபைல்ஸ்', கணினி முழுவதற்குமான ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்), டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்), அதே கணினியில் கணக்கு வைத்திருக்கும் மற்றவர்களின் கோப்புகள் என எங்கும் கைவைக்கலாம். அன்டிவைரஸை முடக்க முயலலாம். அது திறக்கும் வேறு மென்பொருள்களுக்கும் அதே உரிமை போய்ச் சேர்கிறது. மென்பொருள் நல்லதாகவே இருந்தாலும், அதில் ஒரு பிழை இருந்தால் அந்தப் பிழைக்கும் அதே அதிகாரம் உண்டு.

ஒவ்வொரு மென்பொருளும் தன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு இயங்க வேண்டும் என்பது புதிய கருத்தன்று. சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு கணினி அறிஞர்கள் 1975இலேயே இதை எழுதினார்கள். ஆனால் வீட்டு விண்டோஸுக்கு அது வந்து சேர 2007 ஆயிற்று. விண்டோஸ் எக்ஸ்பீ என்ற பழைய பதிப்பின் காலத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் முழு நிர்வாகிகள். அடுத்த பதிப்பான விஸ்டா வந்த பிறகுதான் 'யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்' என்ற அனுமதிப் பெட்டி வந்தது, சுருக்கமாக யூஏசி.

படி 1: நீங்கள் யாராக நுழைந்திருக்கிறீர்கள்?

'செட்டிங்ஸ்' திறந்து, 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் 'யுவர் இன்ஃபோ' என்பதைச் சொடுக்குங்கள். உங்கள் பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருந்தால் நீங்கள் நிர்வாகி. அந்தச் சொல் இல்லையென்றால் சாதாரணக் கணக்கு. அடுத்த படியை விட்டுவிட்டு மூன்றாம் படிக்குப் போகலாம்.

படி 2: நிர்வாகிக்கென்று தனிக் கணக்கு

இங்கே வரிசை முக்கியம். முதலில் புதிய நிர்வாகிக் கணக்கை உருவாக்கி, அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழைய கணக்கின் உரிமையைக் குறைக்க வேண்டும்.

'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் 'அதர் யூசர்ஸ்' திறந்து 'அட் அக்கவுண்ட்' கொடுங்கள். மின்னஞ்சல் கேட்கும். அந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் கீழே ஓர் இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கி, அடுத்த திரையில் மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். கணக்கின் பெயரிலேயே ஒரு கோப்புறை உருவாகும். அதில் தமிழ் எழுத்து இருந்தால் சில பழைய மென்பொருள்கள் தடுமாறும். கடவுச்சொல்லை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். கடவுச்சொல்லை எழுதி வைக்கவே கூடாது என்பார்கள். வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை நான் அதை ஏற்பதில்லை. மறந்துபோகும் ஆபத்துதான் இங்கே பெரிது.

புதிய கணக்கு பட்டியலில் தெரியும். அதைச் சொடுக்கி, 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' கொடுத்து, 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக்குங்கள். இப்போது உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிப் புதிய கணக்கில் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால், அங்கிருந்தபடியே உங்கள் பழைய கணக்கை 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக மாற்றுங்கள். கோப்புகள், படங்கள், டெஸ்க்டொப் எதுவும் இடம் மாறாது. நாளாந்த வேலை எல்லாம் பழைய கணக்கிலேயே தொடரும்.

அனுமதிப் பெட்டி ஏற்கனவே இருக்கும்போது தனிக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். நிர்வாகியாக இருப்பவரிடம் அந்தப் பெட்டி கேட்பது 'யெஸ்' என்ற ஒரே ஒரு சொடுக்கு. சாதாரணக் கணக்கில் இருப்பவரிடம் கடவுச்சொல்லைக் கேட்கும். அவசரத்தில் கை தானாக 'யெஸ்' அழுத்திவிடும். கடவுச்சொல்லைத் தானாகத் தட்டாது. தவிரவும், நிர்வாகிக் கணக்குக்குள் யூஏசியை ஒரு முழுமையான பாதுகாப்பு எல்லையாக மைக்ரோசொஃப்ட் நிறுவனமே கருதுவதில்லை. அதைச் சுற்றிப் போகும் வழிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

படி 3: பெட்டியைப் படியுங்கள்

திரை முழுவதும் மங்கி நடுவில் ஒரு பெட்டி வரும். திரை மங்குவது அழகுக்காக அன்று. அந்த நேரத்தில் வேறெந்த மென்பொருளும் உங்களுக்குப் பதிலாக அந்தப் பொத்தானை அழுத்திவிடக் கூடாது என்பதற்காக விண்டோஸ் பெட்டியைத் தனித் திரையில் காட்டுகிறது.

பெட்டியின் தலைப்பு நீலமாக இருந்தால் தயாரிப்பாளரின் மின்னியல் கையொப்பம் (மென்பொருளை வெளியிட்டவர் யார் என்பதற்கான அடையாளம்) சரிபார்க்கப்பட்டது. மஞ்சளாக இருந்து 'அன்னோன்' என்று வந்தால் யார் தயாரித்தார்கள் என்பது விண்டோஸுக்கே தெரியாது. மஞ்சள் பெட்டிக்கு நான் 'நோ' கொடுத்துவிட்டு, கோப்பு எங்கிருந்து வந்தது என்று போய்த் தேடுவேன். நீலம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு நிரல், உண்மையான வன்பொருள் நிறுவனங்களிடமிருந்து திருடப்பட்ட கையொப்பத்தோடுதான் வந்தது.

பெட்டி வந்ததும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: சற்று முன் நான் ஏதாவது நிறுவத் தொடங்கினேனா? இல்லையென்றால் 'நோ'. 'நோ' அழுத்தியதால் எதுவும் கெட்டுப்போகாது. தேவையென்றால் மறுபடியும் தொடங்கலாம்.

பெட்டி தொல்லை என்று யாராவது நிறுத்திவைத்திருக்கவும் கூடும். ஸ்டார்ட் பட்டியில் யூஏசி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஒரு நகர்த்துகோல் வரும். அதில் நான்கு நிலைகள். சாதாரணக் கணக்கோடு பயன்படுத்த மேலேயிருந்து முதலாவதும் இரண்டாவதும் ஏற்றவை. மூன்றாவது திரையை மங்கவைக்காது. கடைசி நிலை பெட்டியையே நிறுத்திவிடும்.

படி 4: எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை

பிரின்டர் டிரைவர், அன்டிவைரஸ், ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும் கருவி ஆகியவற்றுக்கு நிர்வாகி உரிமை வேண்டும். உலாவி, வேர்ட், பீடிஎஃப் வாசிப்பான், பாட்டுக் கேட்கும் செயலி ஆகியவற்றுக்கு ஒருபோதும் வேண்டாம். குறிப்பாக உலாவிக்கு. ஊர் பேர் தெரியாத இணையப் பக்கங்களையெல்லாம் திறக்கும் மென்பொருள் அது. அதற்கு முழு அதிகாரம் கொடுப்பது, குழாய் திருத்த வந்தவரிடம் மாடிக்குடியிருப்பின் எல்லா வீட்டுச் சாவியையும் கொடுத்தனுப்புவது போன்றது.

எழுத்துரு நிறுவுவதைப் பாருங்கள். இங்கே அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் பாமினி எழுத்துரு இல்லாமல் இன்னும் வேலை நடக்காது. எழுத்துருக் கோப்பை வலப்பக்கம் சொடுக்கினால் இரண்டு தெரிவுகள் தெரியும்: 'இன்ஸ்டோல்', 'இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்'. இரண்டாவதன் அருகே மட்டும் சிறிய கேடயக் குறி இருக்கும். கேடயம் இருந்தால் நிர்வாகி உரிமை கேட்கப் போகிறது என்று பொருள். 2018க்குப் பிந்திய விண்டோஸ் பதிப்புகளில் முதலாவது தெரிவே போதும். உங்கள் கணக்குக்கு மட்டும் எழுத்துரு சேரும், வேர்ட் அதை எடுத்துக்கொள்ளும். சில பழைய பக்கவடிவமைப்பு மென்பொருள்களுக்கு அப்படிச் சேர்த்த எழுத்துரு கண்ணில் படாது. அப்போது மட்டும் இரண்டாவதைக் கொடுங்கள்.

படி 5: 'அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்தால்தான் வேலை செய்கிறது'

கடைகளிலும் சிறிய அலுவலகங்களிலும் பழைய கணக்கு மென்பொருள்களைப் பற்றி அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. காரணம் பெரும்பாலும் எளியது. அந்த மென்பொருள் தன் தரவுக் கோப்பைத் தான் நிறுவப்பட்ட இடத்திலேயே, அதாவது 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளேயே, எழுதப் பார்க்கிறது. சாதாரண உரிமைக்கு அங்கே எழுத அனுமதி இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய மென்பொருள்கள் நின்றுவிடக் கூடாதென்று விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அவை அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தக் கோப்பைப் பயனரின் சொந்தப் பகுதியில் உள்ள 'வர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவான கோப்புறைக்குத் திருப்பிவிடும். நிர்வாகி உரிமையோடு இயக்கினால் திருப்பிவிடாது. நேரடியாக உண்மையான இடத்தில் எழுதும். இப்போது நடப்பதைக் கற்பனை செய்யுங்கள். கடையில் ஒருவர் காலையில் சாதாரணமாகத் திறந்து விற்பனைச் சிட்டைகளைப் பதிகிறார். மாலையில் இன்னொருவர் ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறக்கிறார். காலையில் பதிந்த ஒன்றையும் காணவில்லை. யாரும் அழிக்கவில்லை, இரண்டு பிரதிகள் தனித்தனியே வளர்ந்துகொண்டிருக்கின்றன. இந்த நிலையில் பதற்றப்பட்டு எதையும் நீக்க வேண்டாம். இரண்டு பிரதிகளையும் வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு, மென்பொருளை விற்றவரை அழையுங்கள்.

நிரந்தரத் தீர்வு, தரவுக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றுவது. மென்பொருளின் அமைப்புகளில் அதற்கு வழி இருந்தால் சி டிரைவில் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி அதைக் காட்டுங்கள். வழி இல்லையென்றால், தரவுக் கோப்புறையை மட்டும் வலப்பக்கம் சொடுக்கி, 'ப்ரொப்பர்டீஸ்' திறந்து, 'செக்யூரிட்டி' பகுதியில் 'யூசர்ஸ்' குழுவுக்கு 'மொடிஃபை' அனுமதி கொடுங்கள். மென்பொருளின் கோப்புறை முழுவதற்கும் கொடுக்க வேண்டாம். கொடுத்தால், சாதாரண உரிமையோடு வரும் எந்த நச்சு நிரலும் அந்த மென்பொருளையே மாற்றி வைத்துவிடலாம்.

பிறகு, மென்பொருளின் குறுக்குவழியில் 'கொம்பாட்டிபிலிட்டி' பகுதிக்குப் போய், எப்போதும் நிர்வாகியாக இயக்கு என்ற பெட்டியில் யாராவது சரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 6: கிராக்

'முதலில் அன்டிவைரஸை நிறுத்துங்கள், பிறகு ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்கள்.' விலைக்கு விற்கும் மென்பொருளைப் பணம் கொடுக்காமல் இயக்கவைக்கும் கிராக் கோப்புகளோடு வரும் குறிப்பில் இந்த இரண்டு வரிகளும் அநேகமாக எப்போதும் இருக்கும். முகம் தெரியாத ஒருவருக்கு, காவலையும் விலக்கிவிட்டு, முழு அதிகாரத்தையும் கொடுக்கச் சொல்லும் அறிவுறுத்தல் இது. அதே கணினியில்தான் வீட்டாரின் வங்கிக் கடவுச்சொல்லும் தட்டப்படுகிறது. மென்பொருள்களின் விலை நம் சம்பளத்துக்கு எட்டாது என்பது எனக்கும் தெரியும். கடிதமும் கணக்குத் தாளும் எழுத லிப்ரே ஓபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் யூனிகோடும் அதில் நன்றாக வேலை செய்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

படி 7: சாதாரணக் கணக்கு காப்பாற்றாதவை

உங்கள் சொந்தக் கோப்புகளில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதனால் உங்கள் பெயரில் இயங்கும் ரான்சம்வேருக்கும், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரலுக்கும், இருக்கிறது. கோப்புகளைப் பூட்ட அதற்கு நிர்வாகி உரிமை தேவையில்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடவும் பெரும்பாலும் தேவையில்லை. சாதாரணக் கணக்கில் கிடைக்கும் நன்மை வேறு. விண்டோஸ் எடுத்துவைக்கும் நிழற்பிரதிகளை (கோப்புகளின் முந்தைய நிலையின் பிரதிகளை) அழிக்கவும், அன்டிவைரஸை நிறுத்தவும், மற்றவர்களின் கோப்புகளைத் தொடவும் அதற்கு வழி குறைகிறது.

சில தாக்குதல்களுக்கு உங்கள் சொடுக்கே தேவையில்லை. 2017 மே மாதம் பரவிய வன்னாக்ரை என்ற ரான்சம்வேர், விண்டோஸின் வலையமைப்புக் குறைபாடு ஒன்றின் வழியாகத் தானே நுழைந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. ஆகவே புதுப்பித்தல்களை நிறுத்திவைக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

காப்புப்பிரதிக்கு வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும். பிரதி எடுத்ததும் அதைக் கழற்றி வைக்க வேண்டும். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். 2023இல் இலங்கை அரசாங்க மின்னஞ்சல் சேவை ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு மீட்க முடியாமல் போனது. அந்தக் காலத்துக்குப் பயன்படக்கூடிய காப்புப்பிரதி இருக்கவில்லை.

படி 8: ஏற்கனவே 'யெஸ்' அழுத்தியிருந்தால்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி 'டாஸ்க் மேனேஜர்' திறங்கள். 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் மேல்வரிசைத் தலைப்பை வலப்பக்கம் சொடுக்கி, 'செலக்ட் கொலம்ஸ்' கொடுத்து, 'எலிவேட்டட்' என்பதைச் சேருங்கள். நிர்வாகி உரிமையோடு இயங்குபவற்றுக்கு நேரே 'யெஸ்' என்று வரும். உங்கள் உலாவியோ வேர்டோ அந்தப் பட்டியலில் இருந்தால் மூடிவிட்டுச் சாதாரணமாகத் திறங்கள்.

நீங்கள் அனுமதித்தது சந்தேகத்துக்குரிய கோப்பு என்றால் முதலில் வைஃபையை நிறுத்துங்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள 'ஒஃப்லைன் ஸ்கான்' ஒன்றை ஓடவிடலாம். ஆனால் முழு அதிகாரம் பெற்ற நச்சு நிரல் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதையே நான் பரிந்துரைப்பேன். கோப்புகள் பூட்டப்பட்டுப் பணம் கேட்கப்பட்டால், பணம் அனுப்புவதற்கு முன் 101 என்ற இலக்கத்தில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் அமைப்பை அழையுங்கள். திரையில் வந்த செய்தியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருங்கள்.