பைபாட் வாங்கும் முன் பழைய புத்தகங்களை அடுக்கிப் பாருங்கள்

ரைஃபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரண்டு கால் தாங்கிதான் பைபாட். கழற்றி மாட்டும் பைபாட் வாங்கப் போகிறீர்களா? முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வழக்கமாகச் சுடும் நிலையில் படுங்கள். முன்கட்டைக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி, கழுத்து வலிக்காமல் ஸ்கோப் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தை டேப்பால் அளந்துவிடுங்கள். அந்த அளவைத் தரும் மாடல்களில் மிகக் குட்டையானதை வாங்குங்கள்.

கால் நீள நீள ஆட்டம் கூடும், எடையும் கூடும். படுத்துச் சுட 6–9 அங்குலம் பெரும்பாலும் போதும். நீண்ட மேகசின் (தோட்டாப் பெட்டி) தரையில் இடிக்கிறதா என்பதும் புத்தக அடுக்கிலேயே தெரிந்துவிடும். மாட்டும் இடத்தையும் பாருங்கள். துப்பாக்கியில் துணைக்கருவி மாட்டும் பள்ளம் வெட்டிய பட்டைதான் ரெயில்; பிக்காட்டின்னி, வீவர் என்று இரண்டு வகை உண்டு. பிக்காட்டின்னி ரெயிலின் பள்ளம் சுமார் 5.2 மில்லிமீட்டர் அகலம், வீவர் பள்ளம் 4.6தான். பிக்காட்டின்னிக்கான கிளாம்ப் வீவரில் உட்காராமல் போகலாம். ரெயிலே இல்லாமல் வார் மாட்டும் குமிழ் மட்டும் இருந்தால் அதற்கென்று வரும் மாடல்தான் சரி. நெம்புகோலால் இறுக்கும் வகை நொடியில் கழன்றுவரும். காட்டில் நடக்கும்போது அந்த எடையைப் பையில் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

இடுப்பளவு புல்லில் உட்கார்ந்து வேட்டையாடுபவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே 13–27 அங்குலக் கால், இல்லையென்றால் தனி ஊன்றுகோல்தான். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் ரைஃபிள் போட்டிகளுக்கோ பைபாடே வேண்டாம், சுடும்போது அதை ஊன்ற அனுமதி கிடையாது.