ஸ்பாட் பெயின்டிங்: நிழலைத் துரத்தாதீர்கள்

காட்சிக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரைவதுதான் ஸ்பாட் பெயின்டிங். மயிலாப்பூர் மாட வீதிகளில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாட்டர் கலர் பெட்டியும் மடக்கு நாற்காலியுமாக உட்காரும் புது ஆட்களைப் பத்து மணிக்கு மறுபடி போய்ப் பாருங்கள். தாளில் இருப்பதெல்லாம் பழைய தவறுகள். ஆள்தான் புதிது.

அழுக்குத் தண்ணீரில் பிரஷ் கழுவுவது, தாளை ஒட்டாமல் வரைவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை இரண்டாவது வாரமே தானாகப் புரிந்துவிடும். வருஷக்கணக்கில் கூடவே வருபவை வேறு.

அழகான இடத்தைத் தேடிப் போவது

மாமல்லபுரம் போனால்தான் படம் வரும், பழவேற்காடு போனால்தான் கை ஓடும் என்று காத்திருப்பவர்கள் வருஷத்துக்கு நாலு படம் போடுகிறார்கள். புது இடத்தில் முதல் ஒரு மணி நேரம் வேடிக்கை பார்க்கவே சரியாகப் போய்விடும். அந்த இடம் நேற்று எப்படி இருந்தது, மழை பெய்தால் எப்படி மாறும் என்று எதுவும் தெரியாது.

வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெருமுனை இஸ்திரி வண்டியும் அதற்கு மேலே நிற்கும் புங்க மரமும் போதும். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில், 4 × 6 அங்குல அட்டையில் ஒரு படம். மாசியில் சருகு கொட்டிக் கிடக்கும். பங்குனியில் அதே மரம் கண்ணைக் கூசும் இளம்பச்சையில் நிற்கும். சித்திரையில் அதன் நிழலைத் தேடி ஆட்டோக்கள் வந்து நிற்கும். ஐப்பசியில் வண்டிக்கு மேல் நீல தார்ப்பாய் ஏறும், மரத்தின் அடிப்பகுதி நனைந்து கருத்துவிடும். எதை வரைவது என்ற கேள்விக்கு ஒரு வருஷத்துக்கு வேலையே இல்லை.

நிழலைத் துரத்துவது

மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பார்க்கும்போது மட்டும் இன்னும் எரிச்சல் வருகிறது. 15 × 11 அங்குலத்தில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள் ஒன்று வீண். அதோடு ஒரு காலைப்பொழுதும் வீண். அதைவிட மோசம், எங்கே தப்பு நடந்தது என்று வரைந்தவருக்கே தெரியாது. “கலர் சேறாயிடுச்சு சார், வேற கம்பெனி வாங்கணும் போல” என்பார்.

நடப்பது இதுதான். எதிரே ஒரு பழைய ஓட்டு வீடு. திண்ணைத் தூணின் நிழல் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அதற்கு ஆசைப்பட்டுத்தான் உட்கார்ந்தார். ஆனால் ஓடு, ஜன்னல், கம்பி, கதவில் இருக்கும் பித்தளைக் குமிழ் வரை பென்சிலில் முடிக்கும்போது மணி எட்டேகால். கலரைத் தொடும்போது நிழல் இடம் மாறியிருக்கிறது. சரி, இப்போது இருப்பதைப் போடலாம் என்று போடுகிறார். ஒன்பதுக்கு அது இன்னும் நகர்கிறது. திருத்துகிறார், மேலே ஒரு அடுக்கு ஏறுகிறது, பிறகு இன்னொன்று. கடைசியில் தூண் நிழல் எட்டு மணிக்கு, ஓட்டுச் சாய்ப்பின் நிழல் ஒன்பதுக்கு, வாசலில் நிற்கும் சைக்கிளின் நிழல் பத்துக்கு. ஒரே தாளில் மூன்று சூரியன். சேறு கலரால் வந்ததல்ல.

எவ்வளவு நகரும் என்று கணக்காகவே பாருங்கள். மார்ச் மூன்றாம் வாரம், சென்னை, சமதளத்தில் 10 அடிக் கம்பம். காலை 7 மணிக்கு அதன் நிழல் 50 அடிக்கு மேல். 8 மணிக்கு ஏறக்குறைய 21 அடி. 9 மணிக்கு 12, 10 மணிக்கு 7. முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கும் மேல் காணாமல் போகிறது. நீங்கள் ஜன்னல் கம்பி வரைந்துகொண்டிருந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஸ்கெட்ச் புத்தகத்தின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, 2பி பென்சிலில் மூன்றே தொனி, அதாவது வெளிச்ச-இருள் அளவு: வெறும் தாள், நடுத்தரம், அடர்த்தி. ஓரத்தில் மணியை எழுதி, வெயில் வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி. அடுத்த கால் மணி நேரம் பெரிய தாளில் கோடு. வீட்டின் விளிம்பை எப்படிக் கோடாகப் போடுகிறீர்களோ அப்படியே நிழலின் விளிம்பையும் போடுங்கள். கம்பியும் குமிழும் எங்கேயும் ஓடிவிடாது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு வெயில் பட்ட பகுதிகளுக்கு ஓர் இளநிற வாஷ், அதாவது தண்ணீர் நிறையக் கலந்து பரப்பும் மெல்லிய பூச்சு. அது நன்றாகக் காய்ந்ததும் எல்லா நிழலையும் ஒரே கலவையில், இடையில் நிறுத்தாமல், ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு போகும்படி இறக்குங்கள். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பும், நீலம் கொஞ்சம் தூக்கலாக. சுவரில் விழுந்த அந்தத் தூண் நிழலை உற்றுப் பார்த்தால் அது மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம் இல்லை. மேலே வானத்தின் நீலம் அதில் விழுகிறது. தரையை நெருங்க நெருங்க, வெயிலில் காயும் தெருவின் வெளிச்சம் கீழிருந்து ஏறி நிழலைப் பழுப்பாக்குகிறது. வாஷ் ஈரமாக இருக்கும்போதே கீழ்ப்பகுதியில் பர்ன்ட் சியென்னா மட்டும் பிரஷ் நுனியால் தொட்டுவிட்டால் போதும், அதுவே பரவிக்கொள்ளும். அதற்குப் பிறகு கையை எடுத்துவிட வேண்டும். தெருவில் நிழல் எங்கே போனாலும் நீங்கள் பார்க்க வேண்டியது மூலையில் இருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தை.

தொண்ணூறு நிமிடம் ஆனால் எழுந்துவிடுங்கள். முடியவில்லையா, மறுநாள் அதே நேரம். எத்தனை நாள் அப்படி இழுக்கலாம் என்பதைப் பருவம்தான் தீர்மானிக்கிறது. டிசம்பர் 10 முதல் ஜனவரி 1 வரை சூரியனின் தெற்குச் சாய்வு ஒரு டிகிரிகூட மாறாது. கடிகாரத்தில் பத்து நிமிடம் பிசகும், அவ்வளவுதான். மார்கழியில் ஒரே படத்தைப் பல காலைகள் தொடர முடிவது அதனால்தான். மார்ச், செப்டம்பர் மூன்றாம் வாரங்களில் நாளுக்கு 0.4 டிகிரி வீதம் நகரும். பத்து நாள் விட்டுப் போனால் வேறு நிழல். பிரான்ஸின் ரூவான் நகரத்துக் கதீட்ரலை 1892, 1893 ஆண்டுகளில் வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே பல கித்தான்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறியதும் அடுத்த கித்தானுக்குப் போனார். நமக்கு அத்தனை கித்தான் வேண்டாம், இரண்டு தாள் போதும்.

இதிலேயே இன்னொரு கூத்து, டிசம்பரில் போட்ட கோட்டுப்படத்துக்கு ஜூனில் போய்க் கலர் கொடுப்பது. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் வடக்கிலிருந்து விழும். டிசம்பர் முழுக்க நிழலிலேயே கிடந்த வடக்குப் பார்த்த சுவருக்கு ஜூனில் மதிய வெயில் வந்துவிடும், அதுவும் சுவரை உரசிக்கொண்டு. ஓர் அடி நீட்டியிருக்கும் சன்ஷேடின் நிழல் அந்தச் சுவரில் ஐந்தடிக்கு மேல் தொங்கும். டிசம்பர் மதியம் தெற்குப் பார்த்த சுவரில் அதே சன்ஷேடுக்கு நிழல் ஒன்றரை அடிகூட வராது. கோடை என்று காட்ட மஞ்சளை அள்ளிப் பூச வேண்டியதில்லை, இந்த ஐந்தடியைச் சரியாகப் போட்டால் போதும்.

நிழலுக்குக் கருப்பு டியூப்

வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எல்லா மரத்துக்கும் ஒரே பச்சை

டியூபில் வரும் சாப் கிரீனை அப்படியே எடுத்து வேம்புக்கும் பூவரசுக்கும் தென்னைக்கும் பூசினால் எல்லாம் ஒரே மரமாகிவிடும், எந்த மாதம் என்பதும் தெரியாது. புங்கந்தளிருக்கு லெமன் யெல்லோவில் நீலம் துளி போதும். வேம்பின் தளிரும் மாங்கொழுந்தும் பச்சையே இல்லை, செம்பு நிறம். பர்ன்ட் சியென்னாவில் கொஞ்சம் மஞ்சள். முற்றிய மாவிலைக்கு அல்ட்ராமரின் கூட வேண்டும். நம் ஊரில் இலை சிவக்காது என்று யூட்யூபைப் பார்த்து மேப்பிள் மரம் வரைகிறவர்கள் நாட்டு வாதாம் இலை உதிர்வதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம்.

மே மாதத்துக் குல்மோஹர் தனிப் பிரச்சினை. முதலில் மரம் முழுக்கப் பச்சை பூசி, அதன்மேல் சிவப்புப் புள்ளி வைப்பார்கள். பச்சைமேல் சிவப்பு ஏறினால் காவிப் பழுப்புதான். சிவப்பை முதலில், வெள்ளைத் தாளின் மேலேயே, திட்டுத் திட்டாக வையுங்கள். வெயில் பக்கம் ஆரஞ்சு, நிழல் பக்கம் கிரிம்ஸன். பச்சை பிறகு இடுக்குகளில் வரட்டும். கொன்றைக்கும் இதே வழி.

போனில் எடுத்துக்கொண்டு வீட்டில் வரைவது

போன் கேமரா நிழலைத் தானாக வெளுத்து வெயிலோடு சமன் செய்துவிடும். இலை எண்ண உதவும், தொனிக்கு உதவாது.

மழைக்காலத்தில் வெயில்கால வேகம்

மே மாத மதுரையில் வாஷ் இறக்கி முடிப்பதற்குள் மேல் விளிம்பு காய்ந்து கோடு விழும். பலகையைச் சாய்த்து, பிரஷை ஒரு சைஸ் பெரிதாக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நேர்மாறு. அரை மணி ஆனாலும் தாள் ஈரம் விடாது. மினுமினுப்பு போய்விட்டதே, காய்ந்துவிட்டது என்று அடுத்த அடுக்கைத் தொட்டால் புதுத் தண்ணீர் பாதி காய்ந்த வண்ணத்தை வெளியே தள்ளிக் காலிஃபிளவர் கறையாக்கிவிடும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் இரண்டாவது தாளை ஆரம்பிக்கலாம்.

நனைந்த தெருவில் கம்பத்தின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் போடுகிறார்கள். சாய்வது நிழல். பிரதிபலிப்பு கம்பத்தின் அடியிலிருந்து நேராக உங்களை நோக்கி இறங்கும், வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும். வெளிச்சமான பொருள் தண்ணீரில் ஒரு படி மங்கும், கருத்த பொருள் ஒரு படி வெளுக்கும்.

தேன் கலந்த வண்ணங்கள்

எறும்பு வரும். அடைமழை மாதத்தில் பேலட்டில் இறுகாமல் வழியவும் செய்யும்.

போன வருஷத்துத் தாள்

தாளின் மேல் வண்ணத்தை நிறுத்தி வைப்பது அதில் ஏற்றியிருக்கும் பசை. ஒரு மழைக்காலம் திறந்த அலமாரியில் கிடந்தால் அந்தப் பசை கெட்டு, தாள் ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்ச ஆரம்பிக்கும். வாஷ் போட்டதும் திட்டுத் திட்டாகக் கருத்த புள்ளிகள் தெரிந்தால் அதுதான் காரணம். வெளியே கிளம்புமுன் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாக நின்றால் நல்ல தாள். விட்ட உடனே உள்ளே இறங்கிவிட்டால் அந்தத் தாள்களைச் சார்கோலுக்கு (கரிக்கோல் படங்களுக்கு) ஒதுக்கிவிட்டு, புதிதாக வாங்கியதை ஜிப் பையில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.