குழந்தைகளோடு ஓட்மனுக்கு ஒரு நாள்

அமெரிக்காவின் அரிசோனாவில், கிங்மன் நகரிலிருந்து பழைய ரூட் 66 நெடுஞ்சாலை வழியாக, பழைய தங்கச் சுரங்க ஊரான ஓட்மன் சுமார் 45 கிலோமீட்டர்தான், ஆனால் சிட்கிரீவ்ஸ் கணவாயில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம், பல இடங்களில் தடுப்பே கிடையாது, அதனால் காலையிலேயே கிங்மனில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வெளிச்சத்தில் போய் வெளிச்சத்திலேயே திரும்பிவிடுங்கள். குழந்தைக்கு வாந்தி வரும் என்றால் வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காதீர்கள்.

ஊருக்குள் கழுதைகள்தான் ராஜா. தங்கச் சுரங்கக்காரர்கள் விட்டுப்போனவற்றின் வாரிசுகள்! கார் கண்ணாடியைத் திறந்தால் மூக்கை உள்ளே நுழைத்துவிடும், பிள்ளைகள் அலறிச் சிரிப்பார்கள். சரி, கொஞ்சட்டும், ஆனால் பின்னால் நிற்க விடாதீர்கள், உதைக்கும். சிப்ஸ், கேரட் எதுவும் கொடுக்க வேண்டாம், முக்கியமாகக் குட்டிகளுக்கு. அப்புறம், கோடையில் வெயில் கொளுத்தும், மார்ச் நல்ல மாதம்.