பிக்கப்புக்கு டயர் அளவு பார்ப்பது எப்படி: 20 மில்லிமீட்டரில் நான் ஏமாந்த கணக்கு

என் பிக்கப்பில் கம்பெனியிலிருந்து வந்த டயர் 265/70 ஆர்17. அது தேய்ந்து மொட்டையானதும், மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் அகலமாகப் போடுவோமே என்று 285/70 ஆர்17 வாங்கினேன். நடுவில் இருக்கும் 70 மாறவில்லை, கடைசியில் இருக்கும் 17 மாறவில்லை, அகலத்தில் ஒரு விரல் தடிமன் கூடுகிறது, இதில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். மாட்டி முடித்து, வண்டியைப் பின்னால் எடுத்து ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்ததும் முன்சக்கரத்துக்கு உள்ளிருந்து ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் பிறை மாதிரி ஒரு கருப்புக் கோடு. சரி, ஸ்டெப்னியையாவது மாற்றுவோம் என்று ஐந்தாவது டயரை லோடு தொட்டிக்கு அடியில் ஏற்றப் பார்த்தேன். அது ஒரு பக்கம் இடித்துக்கொண்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்த ஐந்தையும் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்ட பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். படித்ததையும் செய்து பார்த்ததையும் வரிசையாக எழுதுகிறேன். ஜாக்கி வைப்பது, டயர் கழற்றுவது எல்லாம் இதில் இல்லை.

முதலில் கதவைத் திறங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் ஓரத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவு, டயர் சூடாகாமல் இருக்கும்போது வைக்க வேண்டிய காற்று எல்லாம் அதில் இருக்கும். அச்சு தாங்கும் எடை அதிலோ பக்கத்திலேயே இன்னொரு தகட்டிலோ இருக்கும். மொத்தத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவு எழுதாதீர்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் முக்கியமாக. முன்னால் வைத்திருந்தவர் என்னை மாதிரி ஆளாக இருந்திருக்கலாம்.

ஒரே மாடலுக்குக் கம்பெனியே இரண்டு மூன்று அளவு கொடுப்பது உண்டு. விலை குறைந்த வண்டிக்கு 17 அங்குல ரிம், விலை கூடியதற்கு 18. உங்களுடையது கீழ்மாடலாக இருந்து, டயரை மாற்றியே தீர வேண்டும் என்று கை அரித்தால், மேல்மாடலின் ரிம்மையும் டயரையும் சேர்த்துப் போடுவதுதான் தலைவலி குறைந்த வழி. கம்பெனிக்காரர்களே ஓட்டிப் பார்த்த அளவு அது. ஆனால் இரண்டு மாடலுக்கும் சஸ்பென்ஷனும் மட்கார்டும் ஒன்றுதானா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அளவை வாசிப்பது

265/70 ஆர்17 115எஸ் என்று எழுதியிருந்தால்: 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். சாலையில் பதியும் பட்டையின் அகலம் இல்லை, பக்கச் சுவர்கள் இரண்டும் புடைத்திருக்கும் இடத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. ஆர் என்றால் ரேடியல், டயரின் உள்கட்டமைப்பு வகை. 17 என்பது ரிம்மின் விட்டம், இது மட்டும் அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரையும் அங்குலத்தையும் கலந்து எழுத யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான். 115, எஸ் இரண்டுக்கும் பிறகு வருகிறேன்.

மிச்சம் அந்த 70. நான் விழுந்த பள்ளம் அதுதான்.

70 என்பது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம்

பக்கச் சுவரின் உயரம் டயர் அகலத்தில் 70 சதவீதம் என்று அர்த்தம். அப்படியானால் அகலம் கூடும்போது, 70 மாறாமல் இருந்தாலும், உயரமும் கூடவே ஏறும். இது தெரியாமல்தான் ‘அகலம் மட்டும்’ கூட்டுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கணக்கு இதுதான்: அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி, அதை இரண்டு மடங்காக்கி (மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர்), ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி வருவதைக் கூட்ட வேண்டும்.

என் பழைய டயர்: 265 × 0.70 = 185.5. இரண்டு மடங்கு 371. ரிம் 17 × 25.4 = 431.8. மொத்த உயரம் 802.8 மில்லிமீட்டர்.

நான் வாங்கியது: 285 × 0.70 = 199.5. இரண்டு மடங்கு 399. அதே 431.8. மொத்தம் 830.8.

28 மில்லிமீட்டர் வித்தியாசம். சக்கரத்தின் நடுவிலிருந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் 14 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது, போதாததற்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் பத்துப் பத்து மில்லிமீட்டர் அகன்றிருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது டயரின் தோள் மூலைதான் (பட்டையும் பக்கச் சுவரும் சேரும் இடம்) முதலில் போய் இடிக்கும். அந்த மூலை இரண்டு திசையிலும் வளர்ந்துவிட்டது என்றால் உரசாமல் என்ன செய்யும்.

இதே கணக்கை 285/65 ஆர்17-க்குப் போட்டுப் பாருங்கள்: 802.3. பழைய டயருக்கும் இதற்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! நான் தேடியது இந்த அளவைத்தான், வாங்கியதோ வேறு. அகலத்தைக் கூட்டினால் சதவீதத்தைக் குறைக்க வேண்டும். ரிம்மைப் பெரிதாக்கினாலும் அப்படியே. 265/65 ஆர்17 போட்ட வண்டிக்கு 18 அங்குல ரிம் மாட்டினால் 265/60 ஆர்18 என்று போவார்கள், 776.3-உம் 775.2-உம் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

இந்தக் கணக்கைப் போட்டுத்தர ஆயிரம் இணையதளங்கள் இருக்கின்றன. எனக்கு அவை பிடிப்பதில்லை. எண்ணைத் தட்டினால் பச்சை நிறத்தில் ‘பொருந்தும்’ என்று காட்டும், உங்கள் மட்கார்டுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அதற்கு என்ன தெரியும்? ஒரு தாளில் நீங்களே இரண்டு முறை போட்டால் எந்த எண் எதை இழுக்கிறது என்று புரிந்துவிடும்.

வேகமானியும் பொய் சொல்லும்

உயரம் 3.5 சதவீதம் கூடியது என்றால், அதுவரை சரியாகக் காட்டிய வேகமானி 100 காட்டும்போது வண்டி 103.5-இல் போகும். ஐ.நா. வாகன விதி 39-ஐப் பின்பற்றும் நாடுகளில் வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். அதனால் கம்பெனிகள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே வைத்திருப்பார்கள், பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். உயர வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று டயர் தொழிலில் இருப்பவர்கள் பரவலாகச் சொல்வதை நானும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தாண்டினால் வண்டி கிளம்பும்போது இழுவை குறைவதும் தெரியும், ஒவ்வொரு கியரும் கொஞ்சம் பெரிதானது மாதிரி.

லோடு எண்

பிக்கப்பை வெறுமனே ஓட்டுபவர்கள்கூட ஒரு நாள் லோடு ஏற்றத்தான் போகிறார்கள். அளவுக்குப் பின்னால் வரும் 115 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. 110 என்றால் 1060 கிலோ, 112 என்றால் 1120, 115 என்றால் 1215, 121 என்றால் 1450. பக்கத்தில் வரும் எழுத்து வேக வரம்பு, மணிக்குக் கிலோமீட்டரில்: கியூ 160, எஸ் 180, டி 190. புது டயரின் லோடு எண் கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது. இதில் பேரம் கிடையாது.

அளவுக்கு முன்னால் எல்டி என்று இருந்தால் அது லோடு வண்டிக்கான டயர். அதில் 121/118 என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது சக்கரம் ஒற்றையாக இருக்கும்போது, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரமாக மாட்டும்போது. சாதாரண பிக்கப்புக்கு முதல் எண்ணைப் பார்த்தால் போதும்.

எல்டி டயரில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘இ’ வகை (ஆங்கில எழுத்து E, எடை தாங்கும் வகையின் குறி) எல்டி டயர் தன் முழு எடையையும் தாங்குவது 80 பிஎஸ்ஐ காற்றில். கார் வகை டயருக்கு எழுதிய கதவு ஸ்டிக்கரைப் பார்த்து 35 வைத்துவிட்டு 1450 கிலோ தாங்கும் என்று நம்பினால் டயர் சூடேறி வெடிக்க வாய்ப்பிருக்கிறது. எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று டயர் தயாரிப்பாளர்கள் அட்டவணை கொடுக்கிறார்கள், அதைப் பார்த்து வையுங்கள். லோடே ஏற்றாதவர்களுக்கு ‘இ’ வகை தேவையே இல்லை என்பது என் கருத்து. கனம் கூடுதல், சின்னக் குழிக்கும் குலுக்கி எடுக்கும்.

ரிம் அகலம்

ரிம்மில் 17 × 8 மாதிரி ஒரு எண் இருக்கும். அந்த 8 ரிம்மின் அகலம். ஒவ்வொரு டயருக்கும் இத்தனையிலிருந்து இத்தனை அங்குல ரிம் வரை போடலாம் என்று தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். 265/70 ஆர்17-க்கு பொதுவாக 7 முதல் 9 வரை. சதவீதம் குறையக் குறைய அகலமான ரிம் கேட்கும். நான் ஆசைப்பட்ட 285/65-க்கு 8-இல்தான் ஆரம்பம், என் ரிம்மோ சரியாக 8. போடலாம், ஆனால் ஓரத்தில் நிற்கிற மாதிரி. கடைசியில் நான் என்ன போட்டேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள், பழைய 265/70 ஆர்17-தான், மண்பாதைக்கான பட்டையோடு. மண்ணில் பிடிப்பு வேண்டும் என்ற என் ஆசைக்கு அந்தப் பட்டை மாற்றமே போதுமாக இருந்தது.

களிமண் சோதனை

அப்படியும் அளவு மாற்றுவேன் என்பவர்கள் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். குழந்தைகள் விளையாடும் களிமண் ஒரு உருண்டை போதும். பழைய டயர் மாட்டியிருக்கும்போதே ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, உள்தட்டில் டயருக்கு மிக அருகில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். புது டயர் எவ்வளவு வளரப்போகிறதோ அதோடு 10 மில்லிமீட்டர் சேர்த்து (என் கணக்கில் 14 + 10 = 24) அந்தத் தடிமனுக்குக் களிமண்ணைப் பிடித்து அங்கே ஒட்டுங்கள். அப்புறம் முன்னாலும் பின்னாலும் மெதுவாக ஓட்டி இரண்டு பக்கமும் ஒடியுங்கள். ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் ஒரு முறை. இறங்கிப் பார்க்கும்போது களிமண்ணில் பட்டை அச்சு விழுந்திருந்தால் அந்த அளவை மறந்துவிடுங்கள். உள்பக்கம் சஸ்பென்ஷன் கைக்கும் டயருக்கும் நடுவிலும் ஒரு உருண்டை வையுங்கள், அதை எல்லோரும் மறக்கிறார்கள்.

சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர், களிமண்ணில் படவே இல்லை, ஆனால் புது டயர் உரசுகிறது என்று எழுதியிருந்தார். விசாரித்தால், அவருடைய பழைய டயர் சுத்தமாகத் தேய்ந்தது. பட்டை 8 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் அந்த 8-ஐயும் உருண்டையில் சேர்க்க வேண்டும். நான் எழுத விட்டது என் தப்புதான். இன்னொன்று, ஒரே அளவு எழுதிய இரண்டு கம்பெனி டயர்கள் சில மில்லிமீட்டர் முன்பின் இருக்கும், வாங்கப்போகும் டயரின் உண்மையான அளவை அதன் விவரத்தாளில் பாருங்கள்.

இன்னொரு சேர்க்கை: 31 × 10.50 ஆர்15 என்று எழுதியிருக்கிறதே, இதில் சதவீதம் எங்கே என்று இருவர் கேட்டார்கள். அதில் எல்லாமே அங்குலம். 31 மொத்த உயரம், 10.50 அகலம், 15 ரிம். கணக்கே வேண்டாம். எல்லா டயரையும் இப்படியே எழுதியிருக்கலாம்.

ஸ்டெப்னி

நாலு சக்கர டிரைவ் வண்டியில் நாலு டயரும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சின்னதாக இருந்தால் அது வேகமாகச் சுற்றும், அந்த வித்தியாசத்தை, இழுவையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் டிரான்ஸ்ஃபர் கேஸும்தான் தாங்க வேண்டும். அதனால் ஸ்டெப்னியும் அதே அளவு. வாங்கும் முன் தொட்டிக்கு அடியில் படுத்து, டேப் வைத்து, சைலன்சர் குழாய்க்கும் பின்பக்கச் சட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அளந்துவிடுங்கள். நான் அன்றைக்கு அளக்காமல் விட்ட இடம் அது.

கடையில் மாட்டும்போது பக்கச் சுவரில் ஒரு நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே காலத்ததாகக் கேட்டு வாங்குங்கள். மாட்டியபின் முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு முறை வீல் நட்டுகளைச் சரிபார்த்து முறுக்குங்கள், கம்பெனி சொன்ன அளவுக்கு, டார்க் ரெஞ்சில். காலால் மிதித்து முறுக்குவது வேண்டாம்.