பழைய டை காஸ்ட் கார்: வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை

பழைய சாமான் எடுக்கிற ஆக்கர் கடையிலோ, வளைகுடா போய் வந்தவர்கள் வீட்டுப் பரணிலோ உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த (அதுதான் டை காஸ்ட்) ஒரு குட்டிப் பொம்மைக் கார் கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். பெயின்ட்டைப் பிறகு பார்க்கலாம், ஊர், பேர் எல்லாம் அடியில்தான் இருக்கும். 'லெஸ்னி' என்றிருந்தால் பழைய மேட்ச்பாக்ஸ் பொம்மைக் கார். அதைச் செய்த, லண்டனில் இருந்த லெஸ்னி நிறுவனம் 1982இல் நொடித்துப்போனது. 'நிக்கி டாய்ஸ்' என்றிருந்தால் விடவே விடாதீர்கள். டிங்கி என்ற இங்கிலாந்துப் பொம்மைக் கார்களின் அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் வார்த்தவை அவை. பெயின்ட் உதிர்ந்திருந்தாலும் எனக்கு அவைதான் பிடிக்கும்.

அடுத்தது சக்கரம். மேட்ச்பாக்ஸ் 1969இலிருந்து மெல்லிய கம்பியில் சுழலும் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரத்துக்கு மாறியது. கம்பி தடிமனாக இருந்து, உருட்டினால் மெதுவாக ஓடினால் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

இனி கழுவுவது. நான் தவறியது இங்கேதான்.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் எடைக்கு வாங்கிய ஒரு சிவப்பு மாடி பஸ். அடித்தகடு முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருந்தது. குத்துவிளக்கு துலக்குகிற பழக்கத்தில் புளியைக் கரைத்துத் தேய்த்து, அப்படியே ஊறவும் வைத்துவிட்டேன். இந்தக் கார்கள் பித்தளை இல்லை, துத்தநாகக் கலவை. புளிப்பு பட்டால் துத்தநாகம் அரிக்கும். தகடு கறுத்துச் சொரசொரப்பாகி, எழுத்துகள் பாதி மழுங்கிவிட்டன. இன்றைக்கும் அந்த பஸ்ஸைக் கையில் எடுத்தால் மனசு கேட்காது. ஆகவே புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகளின் மெத்தென்ற பல்துலக்கி, இவ்வளவு போதும். ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் தண்ணீரே படக்கூடாது. கழுவியதும் உடனே துடைத்து, சக்கரக் கம்பியில் ஊசி முனையால் துளி தையல் மிஷின் எண்ணெய் தொட்டு வையுங்கள். கம்பி இரும்பு. நம் உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறிவிடும்.

வெள்ளைப் பொடியைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம், அது மேலோட்டமானது. ஆனால் உடம்பெல்லாம் வலைபோல வெடிப்பு, உப்பிப்போய் மூடாத கதவு, தொட்டால் உதிரும் மூலை என்றால் வாங்காதீர்கள். வார்க்கும்போது ஈயம் கலந்துபோனதால் உலோகம் உள்ளிருந்தே சிதைகிற நோய் அது. மருந்து கிடையாது, ஈரம் பட்டால் இன்னும் வேகமாகும்.

கடைசியாக, வைக்கிற இடம். மர அலமாரியை நான் விட்டுவிட்டேன். சில மரங்களிலிருந்து வரும் அமில ஆவியும் துத்தநாகத்துக்கு ஆகாது. குளச்சல், முட்டம் மாதிரி கடலை ஒட்டிய ஊர் என்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளும்தான் சரி.

பின்சேர்க்கை: அந்த நோய் பக்கத்துக் காருக்கும் தொற்றுமா என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். தொற்றாது. சிலிக்கா ஜெல்லுக்குப் பதில் அரிசி போடலாமா என்றும் கேட்டார். வேண்டாம், வண்டு வரும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாகும். அப்போது சமையலுக்கு எடுக்காத ஒரு சட்டியில் இளஞ்சூட்டில் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். மழை மாதங்களில் நான் வாரம் ஒருமுறை டப்பாவைப் பார்க்கிறேன்.